பின்பெஞ்சு துரையும் நீயும்

விடியற்காலை மழையில் இன்றைய பேப்பர் தொப்பலாக நனைந்து வந்தது. மருமகள் அதைக் கரி அடுப்புக்கு மேலே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாட்டிக் கொடுத்தாள். ஈரக் காகிதம் சூடேறும்போது ஒரு வாசனை வருமே, பாதி மையும் பாதி பழங்கஞ்சியுமாக, அது மூக்கில் ஏறிய மறு நிமிஷம் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே யாரோ ஒரு எம்.எல்.ஏ.வைப் பற்றிய செய்தி. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாராம், நடவடிக்கை எடுக்கப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மாமா, தனியா சிரிச்சிகினு கீறீங்க?" என்றாள் மருமகள்.

என்னவென்று சொல்வது? இன்றைக்கு எல்லாப் பேப்பரும் கூசாமல் எழுதுகிற இந்தக் கொறடாவை, அந்தக் காலத்திலேயே என் சோடா கடை வாசலில் இறக்கி வைத்து ஊரையே சண்டையில் மாட்டிவிட்டவன் நீ. உன்னைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஒண்ணியும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நீ துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி அட்டையில் கோடு போடுகிற வேலை. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் உனக்கு அந்த உத்தியோகத்தை வாங்கித் தந்தது. சீமைக் கப்பல் சமையல்காரர்கள் படித்துத் தூக்கி எறிந்த லண்டன் பேப்பர்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷன் பக்கமிருந்த என் கடைக்கு வருவாய். கடல் காற்றில் நமுத்துப்போய் அப்பளம் மாதிரி தொய்ந்து கிடக்கும். என் அடுப்பில் வாட்டி நிமிர்த்தி, பெஞ்சில் உட்கார்ந்து, கண் இங்கிலீஷிலும் வாய் நம் பாஷையிலுமாகப் படிப்பாய். லண்டனில் மந்திரிகள் எல்லாம் "இன்னாபா, இது நாயமா கீதா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள் என்று ஜட்கா முனுசாமி மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தான். செய்தி ஒரு மாதம் பழசு. அதனால் என்ன, நாங்கள் மட்டும் அன்றைக்குப் பூத்தவர்களா?

லண்டன் பேப்பர் மேல் நமக்கு ஆசை வந்ததே அந்தத் துரையால்தான். கூலிக்காரர்களுக்கென்று சீமையில் ஏற்பட்ட கட்சியின் பார்லிமெண்டு மெம்பர். சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர் என்று சொன்னார்கள். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் கவர்னர் வீட்டு விருந்துக்குப் போகாமல் நேரே நம் துறைமுகத்துக் கரி மேட்டுக்கு வந்து நின்றார். வரிசையாகக் கூடை சுமந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். அஞ்சலையின் கூடையைக் கேட்டு வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். தொப்பி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "குடு தொர, ஒன்னால ஆவாது" என்றாள். அதை நீ எப்படி இங்கிலீஷாக்கினாயோ, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் என் கடையில் கோலி சோடா. கோலியை அமுக்கத் தெரியாமல் அமுக்கி, சட்டை முழுக்க இஞ்சித் தண்ணீர். துடைக்கக்கூட இல்லாமல் அப்படியே சாயங்காலக் கூட்டத்துக்கு வந்தார். மரப்பெட்டி மேல் அவர் நின்று பேச, கீழே நின்று நீ தமிழில் சொன்னாய். அங்கேதான் உன் முதல் கைவரிசை. அவர் தன்னைப் பற்றி, நான் பார்லிமெண்டில் பின்வரிசை பெஞ்சுக்காரன் என்றாராம். அதாவது மந்திரி பதவி எதுவும் இல்லாதவன் என்று அர்த்தம். நீ அதை அப்படியே, "நா பின்னாடி பெஞ்சில குந்திகினு கீறவன்" என்று சொல்லிவிட்டாய். கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவம், படிப்பு வராத பிள்ளை, வாத்தியார் பின்னால் தள்ளிவிட்டார் போல என்று எல்லாருக்கும் அவர் மேல் ஒரு பாசம். அன்றையிலிருந்து அவர் நமக்குப் பின்பெஞ்சு துரை. சொந்தப் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் கடைசியாகச் சொன்னதை நீ சொன்ன விதம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. "'எங்காளுங்க நாற்காலில குந்தினா ஒங்கள மறந்துடுவாங்கோ. அப்ப நா எங்காளுங்க கூடவே மல்லுக்கு நிப்பேன்'ன்றாரு."

சொன்ன மாதிரியே நின்றார். அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. இங்கே சங்கத்துத் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதைக் கேட்டு அவர் எழுந்தார். அவர் கட்சி மந்திரியே உட்காரச் சொன்னார். வேலை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவந்த படியை அவர் கட்சியே குறைக்கப் பார்த்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கட்சி கூப்பிட்டுத் திட்டும். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி அதையே செய்வார். முனுசாமி குதிரைக்குக் கொள்ளு வைத்துவிட்டு வந்ததும், "நம்ம தொர இன்னிக்கி யாராண்ட சண்ட?" என்றுதான் கேட்பான். சீமையில் ஒரு மனுஷன் முட்டிக்கொண்டு நிற்பதில் இங்கே மூன்று தெருக்காரர்களுக்கு அப்படி ஒரு குஷி.

அந்தச் சாயங்காலம் நீ பேப்பரைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாய். உலுக்கிக் கேட்டதும் சொன்னாய்.

"தொர அண்டயிருந்து கட்சி கொறடாவ வாங்கிக்கிச்சாம்."

பட்டாசு வெடிக்காத குறை. கொறடா என்றால் சாட்டை. கட்சி இத்தனை நாளும் அவரைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தது, இப்போது நிறுத்திக்கொண்டது, துரை ஜெயித்துவிட்டார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். நான் எல்லாருக்கும் கலர் உடைத்துக் கொடுத்தேன். அஞ்சலை ஓடிப்போய் ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்தாள். பேப்பரில் இருந்த துரையின் படத்தைக் கடைத் தூணில் ஒட்டி மாலையும் போட்டாகிவிட்டது. செத்தவனுக்குத்தான் படத்துக்கு மாலை போடுவார்கள் என்று நீ முணுமுணுத்தது யார் காதிலும் ஏறவில்லை.

முனுசாமிக்குத்தான் முதலில் உறைத்தது. அவன் பிழைப்பே சாட்டையில் அல்லவா. "இரு இரு. என் கையில கீற கொறடாவ ஒருத்தன் புடுங்கிக்கினா இன்னா அர்த்தம்? குதிரயும் போச்சு, வண்டியும் போச்சுன்னு அர்த்தம். இதுக்குப் போயி மால போட்டுகினு கீறீங்க!"

"நீ வண்டிக்காரன், அப்டிதான் பேசுவ. குதிரயக் கேளு, அது இன்னா சொல்லும்?" என்றாள் அஞ்சலை.

அவ்வளவுதான், ஊர் இரண்டாகிவிட்டது. துரை குதிரையா, வண்டிக்காரரா? மீன் ஏலம் போடுகிறவர்கள் குதிரை என்றார்கள். ரயில்வே ஆட்கள் வண்டிக்காரர் என்றார்கள். உன்னைக் கேட்டால் நீ சிரித்துக்கொண்டே பீடியைப் பற்ற வைப்பாய். கடைசியில்தான் விளக்கம் சொன்னாய். எதற்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியிலிருந்து மெம்பர்களுக்கு ஒரு தாள் வருமாம், அந்தத் தாளுக்குத்தான் அந்தப் பெயராம். இனிமேல் துரைக்கு அது வராது. அவர் கட்சிக்கு வெளியே.

"தாளு வரலன்னா நல்லதுதானே, அடுப்பெரிக்கத்தான ஆவும்?" என்றான் முனுசாமி.

"அதில்ல முன்சாமி. டீ குடிக்கிற எடத்துல கூட அவரு பக்கத்துல இனிமே எவனும் குந்த மாட்டான்."

அஞ்சலை சாதாரணமாகச் சொன்னாள்: "இவ்ளோதானா? எங்க பக்கத்துல மட்டும் எவன் குந்தறான்?"

நீ பெஞ்சின் ஓரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாய். அவள் உட்காரவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாலையை மட்டும் கழற்றக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். துரைக்கு ஒரு வாழ்த்துக் கடுதாசியும் போட்டோம். உங்கள் கட்சி உங்களை அடிப்பதை நிறுத்தியதில் ராயபுரத்துக்காரர்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, முகத்தில் ஒரு கோடு அசையாமல் நீ இங்கிலீஷில் எழுதினாய். பதில் வரவில்லை. முனுசாமி சாகும்வரை தபாலாபீசைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வந்த செய்திகள் ஒன்றும் சரியில்லை. இனிமேல் கட்சி சொன்னபடியே நடப்பேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். துரை போடவில்லை. தேர்தல் வந்தது. ஒரு நாள் நீ பேப்பரை வாட்டி நிமிர்த்தி, பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டாய்.

"படிடா" என்றேன்.

"தோத்துட்டாரு சோடா" என்றாய். என் கடைச் சரக்குதான் உனக்கு என் பெயர்.

"யாராண்ட?"

"அவரு கட்சியாண்டயேதான். அவருக்கு எதிரா ஆள் நிறுத்திட்டாங்கோ. டெபாசிட்டு கூட வரல."

சீமையில் தோற்றவனுக்காக ராயபுரத்தில் கண் கலங்குகிற ஒரு பைத்தியக்காரனை அன்றுதான் பார்த்தேன். பேப்பரின் கடைசி வரியை நீயாகவே படித்தாய். சொந்த ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாராம், சந்தை கூடும் நாளில் தெருமுனையில் நின்று இன்னும் பேசுகிறாராம். "எதுத்தாப்ல பத்து பேரு இருந்தா அதிகம். அப்டியும் பேசறாரு பாரு" என்றாய்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீயும் துறைமுகத்துச் சங்கத்தில் காரியதரிசி என்பது என்னவோ யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

கரி இறக்குகிற கம்பெனி, உனக்கும் சம்பளம் தந்த அதே கம்பெனி, கிரேன் கொண்டுவந்தது. கூலியைக் குறைப்போம் என்று மிரட்டியது. வேலை நிறுத்தம், தடியடி, பட்டினி எல்லாம் ஆன பிறகு சமாதானப் பேச்சு. நம் சங்கத் தலைவர் பட்டணத்து வக்கீல். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் பேசுகிற தமிழ் துறைமுகத்தில் யாருக்கும் புரியாது. ஆகவே அவர் இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவருவார், நீ மேடையில் நம் பாஷையில் சொல்வாய். கூட்டத்தன்று மத்தியானம் அவருடைய கார் என் கடை வாசலில் வந்து நின்றது. உன்னைக் கூப்பிட்டு, மடித்த தாளைக் கொடுத்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"மற்றதை எல்லாம் நான் வாசிக்க வாசிக்கச் சொல்லும். இந்த வரியை மட்டும் விட்டுவிடும். இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

ஆம்பிளைகளின் கூலி குறையாது. அதற்குப் பதிலாகக் கரிக்கூடை தூக்குகிற பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்த சங்கம் சம்மதிக்கிறது. அதுதான் அந்த வரி. கார் போனதும் நீ என்னைப் பார்த்தாய்.

"இன்னா சோடா பண்ணட்டும்?"

"வுட்டுடு. ஒனக்கு ரெண்டு கொழந்த கீது. சங்கம் கைவுட்டா கம்பெனிக்காரன் ஒன்ன ஒரு வாரம் வச்சிருக்க மாட்டான்" என்றேன். நான் அப்படிச் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. சிநேகிதன் என்று ஒருவன் இருந்தால் அதைத்தான் சொல்வான். நீ கேட்டுக்கொண்டாய், ஒரு சோடா குடித்தாய், போய்விட்டாய்.

ரயில்வே யார்டுக்குப் பின்னால் மைதானத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால், கரிப் பெண்கள் ஓரமாகத் தனியே. வக்கீல் ஒவ்வொரு வரியாகப் படித்தார், நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். கூலி குறையாது என்றதும் விசில் பறந்தது. அந்த வரி வந்தபோது வக்கீல் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். நீ போகவில்லை.

"நடுவுல இன்னொரு வரி கீது" என்றாய். மைதானம் முழுக்கக் கேட்டது. "கரி தூக்கற பொம்பளைங்க யாருக்கும் இனிமே வேல இல்லன்னு எழுதிகீது. நம்ம சங்கம் அதுக்கு சரின்னு சொல்லுதாம். இத்த சொல்லாதன்னு எனக்கு சொன்னாங்கோ. நா சொல்லிட்டேன். இனிமே ஒங்க இஷ்டம்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆண்கள்தான் கத்தினார்கள். பாதிப் பேர் வக்கீலை, மீதிப் பேர் உன்னை. பிறகு சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். என் கண்ணாலேயே பார்த்தேன், ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, கைகள் மேலே போயின. எல்லாம் நமக்குத் தெரிந்த கைகள். அஞ்சலையின் தம்பியின் கையும் அதில் இருந்தது. நீ மேடை மேல் கையைத் தூக்காமல் நின்றாய். எனக்கு அன்று உன் மேல் வந்த கோபமும் பெருமையும் எது எவ்வளவு என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் சொன்ன மாதிரிதான் எல்லாம் நடந்தது. சங்கம் உன்னை நீக்கியது. அந்த மாதமே கம்பெனியும் நீக்கியது. தபாலாபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாய். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று வக்கீல் ஆள் அனுப்பினார். உன் மனைவி செசிலி என் முன்னாலேயே கெஞ்சினாள். "ஊருக்கெல்லாம் எழுதறியே, ஒனக்கு ஒண்ணு எழுதித் தொலச்சா இன்னா?"

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த தெரியல செசிலி" என்றாய். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். நானும்தான்.

அப்போதும் சாயங்காலம் கடைக்கு வருவாய். கப்பலுக்குள் போக உனக்கு அனுமதி இல்லாததால் பேப்பர் இல்லை. துரை என்ன ஆனார் என்று அப்புறம் நமக்குத் தெரியவே இல்லை. முனுசாமி கேட்டால் நீயே இட்டுக்கட்டிச் சொல்வாய். துரை மறுபடி நின்றார், இந்தத் தடவை கொஞ்சம் ஓட்டு கூட வந்தது, ஊர்க்காரர்கள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள் என்று. கையில் வெறும் பழைய காகிதம், கண் மட்டும் வரி வரியாக ஓடும். எனக்கு அது பொய் என்று தெரியும். அதைக் கேட்கத்தான் சீக்கிரம் கடையைப் பெருக்கி வைப்பேன்.

இரண்டு மழைக்காலம் போனது. இருமல் வந்தது, நெஞ்சில் நின்றது, உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாற்பதுகூட ஆகவில்லை உனக்கு. பாவி.

உன்னை எடுத்த அன்று காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து சவப்பெட்டி வாசலுக்கு வந்தது. சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று கை தூக்கியவர்கள்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முன்பக்கம் நானும் முனுசாமியும். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலை வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். எல்லாரும் கரிக்கூடை தூக்கியவர்கள், வேலை போன பிறகு எண்ணூர் உப்பளத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். தலைச் சும்மாட்டைப் பிரித்துத் தோளில் மடித்து வைத்திருந்தார்கள்.

"தள்ளு நைனா" என்றாள் என்னிடம்.

சங்கத்து ஆள் ஒருவர், "பொம்பளைங்க தூக்கறதா? எந்த ஊர்ல கீது இந்த வழக்கம்?" என்றார்.

அஞ்சலை குரலை உயர்த்தவே இல்லை. "தூக்கற வேல எங்க வேல. அத்த அன்னிக்கு கை தூக்கி புடுங்கிக்கினீங்க. இத்தயாவது வுடுங்க."

சாமியார் செசிலியைப் பார்த்தார். செசிலி சரியென்று தலையை அசைத்தாள். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். நானும் நகர்ந்தேன்.

அவர்கள் தூக்கினார்கள். கரி மேட்டில் பலகை மேல் நடந்து பழகிய கால்கள், பெட்டி ஒரு பக்கம்கூட சாயவில்லை. காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் தோள் மாற்ற வேறு யாரையும் விடவில்லை. நானும் முனுசாமியும் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தோம். அவன் வழியெல்லாம் அழுதான். நான் அழாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு போனேன்.

அது சரிதான், அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத் தோள் கொடுக்கத்தான் நான் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்தப் பேட்டையில் யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். எழுபதைத் தாண்டிய கிழவனுக்கு எதற்கு இந்த வேலை என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். எத்தனை பேரைத் தூக்கியாகிவிட்டது. இந்தத் தோளில் உன் இடம் மட்டும் இன்னும் அப்படியே காலியாக இருக்கிறதடா.